முழுப் பாக்கெட்டின் கணக்கைச் சொல்லுங்கள்

மிட்டாய், சாக்லேட், பிஸ்கட், குளிர்பானம் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மடிப்புக்குள் போய்விட்ட வரிகளை விரலால் நீவி விட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தில் பழத்தின் படம், பால் வழியும் படம், சிரிக்கும் பொம்மை எல்லாம் பளிச்சென்று இருக்கும். சர்க்கரை எவ்வளவு என்பது மட்டும் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அதிலும் ‘ஒருமுறை பரிமாறும் அளவுக்கு’ என்று ஒரு தனிக் கணக்கு. பாக்கெட்டில் இருப்பது 100 கிராம். நீங்கள் சொல்லும் பரிமாறும் அளவு 20 கிராம். பாக்கெட்டைப் பிரித்த பிள்ளை ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கும் என்று நீங்களே நம்புகிறீர்களா?

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். முழுப் பாக்கெட்டிலும் சேர்த்து எத்தனை தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்பதை முன்பக்கத்தில், பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் அச்சிடுங்கள். ஒரு தேக்கரண்டி என்றால் சுமார் 4 கிராம். கிராம் கணக்கு பின்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் அவசரமாக நிற்கும் ஆளுக்கு 36 கிராம் என்றால் ஒன்றும் தோன்றாது. ஒன்பது கரண்டி என்றால் நீட்டிய கை கொஞ்சம் தயங்கும். நீங்கள் அதைப் போடாமல் இருப்பதற்கும் அந்தத் தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. எனக்கும் சாக்லேட் பிடிக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு பட்டாலே முகம் மாறும். யாரும் கற்றுக்கொடுத்து வந்த விருப்பம் இல்லை அது. தாய்ப்பாலே இனிப்புத்தானே. சர்க்கரை செய்யாத குற்றத்தை அதன் மேல் சுமத்தவும் கூடாது. இனிப்பு தின்றால் பிள்ளைகள் அடங்காமல் ஆடுவார்கள் என்று பெற்றோர் பலர் நம்புகிறோம். எது சர்க்கரை, எது போலி இனிப்பு என்று தெரியாதபடி கொடுத்துப் பார்த்த 23 சோதனைகளை ஒன்றாக வைத்து 1995-இல் அலசினார்கள். பிள்ளைகளின் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. அதேபோல், முதல் வகைச் சர்க்கரை நோய் மிட்டாய் தின்று வருவதில்லை. உடலின் தற்காப்பு அமைப்பே கணையத்தின் செல்களைத் தாக்குவதால் வருவது அது. அந்த நோயுள்ள பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து, ‘நிறைய இனிப்பு கொடுத்தீர்களோ?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வேதனை போதாதா? சரி, இதையெல்லாம் தள்ளிவிட்ட பிறகும் சர்க்கரையின் கணக்கில் மிச்சம் நிறைய இருக்கிறது.

பல்லில் இருந்து தொடங்குகிறேன். வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் சர்க்கரை கிடைத்ததும் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். சில நிமிடங்களிலேயே பல்லை ஒட்டிய படலத்தில் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கிவிடும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அந்த நிலையில் பல்லின் மேலுறையான எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் வேலையை ஆரம்பிக்கும். அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்குத் திருப்பித் தரும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த மிட்டாய் உள்ளே போனால் எல்லாம் முதலிலிருந்து. அதனால், ஐந்து மிட்டாயை ஒரே மூச்சில் தின்று முடித்த பிள்ளையைவிட, அதே ஐந்தை நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்குத்தான் சொத்தை சீக்கிரம் வரும்.

இது உங்கள் தொழிலுக்குப் புதிய செய்தி இல்லை. சுவீடனின் லுண்ட் நகரில் விப்பெஹோல்ம் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் அவர்களை வைத்தே ஒரு சோதனை நடந்தது; சம்மதம் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. சிலருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தார்கள். வேறு சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே டோஃபி. பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே தனியாகச் செய்த டோஃபி அது. ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு 24. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. டோஃபி தின்றவர்களில் பலருக்குப் பற்கள் வரிசையாகக் கெட்டன. டோஃபியை நிறுத்தியதும் புதிய சொத்தை விழுவது குறைந்தது. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன.

அந்தச் சோதனைக்குப் பணம் தந்தவர்களில் சர்க்கரை, இனிப்புத் தயாரிப்பாளர்களும் உண்டு. தங்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியாத மனிதர்களின் பல்லைப் பலி கொடுத்துக் கிடைத்த அறிவு என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. பிள்ளைகளுக்கு இனிப்பு சனிக்கிழமை மட்டும் என்ற பழக்கம் சுவீடனில் வேரூன்ற அந்த முடிவுகளும் ஒரு காரணம். உங்கள் தொழில் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன? பையில் போட்டுக்கொள்ளச் சின்னப் பாக்கெட், திறந்து மூடி மறுபடி திறக்க வசதியான டப்பா, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் வரும் பசிக்கென்றே விளம்பரம். பல்லுக்கு எந்த நேரம் ஆகாதோ அந்த நேரத்தைப் பார்த்து விற்கிறீர்கள். நிரந்தரப் பல்லில் சிகிச்சை இல்லாத சொத்தையோடு உலகில் சுமார் 200 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்குச் சொன்னது. வேறு எந்த நோயும் இவ்வளவு பேரிடம் இல்லை.

பல்லாவது வலித்து ஊரைக் கூட்டிவிடும். கல்லீரல் அப்படி இல்லை. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் சரிபாதி. குளுக்கோசை உடம்பில் எல்லா உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் சிறுகுடலுக்கும் கல்லீரலுக்கும்தான் வேலை வைக்கும். கொஞ்சமாக வந்தால் சிக்கல் இல்லை, சமாளித்துவிடும். நிறைய, வேகமாக, நாள் தவறாமல் வந்தால் கல்லீரல் அதில் ஒரு பங்கைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பில் கொஞ்சம் அங்கேயே படியும். கொஞ்சம் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பாக ரத்தத்தில் இறங்கும். கூடவே யூரிக் அமிலமும் ஏறும். அது மூட்டில் படிகமாகத் தங்கினால் கவுட் என்கிற கொடிய மூட்டுவலி. இப்படிச் சேர்ந்த கொழுப்பு பல ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது, ‘கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதே’ என்று டாக்டர் சொல்லித்தான் பலருக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் இது குடிப்பவர்களுக்கு வருகிற வியாதி என்றே பெரும்பாலும் நினைத்தார்கள். இன்று ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும்கூட இருக்கிறது. உலகில் வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கும் மேல் இது இருக்கிறது. சர்க்கரை ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். பருமன், பரம்பரை, அசையாத வாழ்க்கை எல்லாம் அதில் சேரும். ஆனால் அந்தக் காரணங்களில் தொழிற்சாலையில் அளந்து ஊற்றப்படுவது சர்க்கரை மட்டும்தான்.

‘பழத்திலும் ஃபிரக்டோஸ் இருக்கிறதே’ என்று உங்கள் தரப்பில் அடிக்கடி சொல்கிறார்கள். இருக்கிறது. ஆனால் ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக மென்று, நார்ச்சத்தோடு விழுங்கினால் சர்க்கரை மெதுவாகத்தான் உள்ளே போகும். இரண்டு பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லும். நான்கு பழத்தின் சாற்றை அரை நிமிடத்தில் குடித்துவிடலாம். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம், முழுப் பழத்தின் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. பழச்சாற்றில் உள்ளதையும் தேனையும் சேர்த்திருக்கிறது. ‘பழத்தின் இயற்கை இனிப்பு’ என்று பாக்கெட்டில் போட்டுவிட்டு உள்ளே பழச்சாற்றுக் கெட்டிக்குழம்பை ஊற்றுகிறீர்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. சர்க்கரையைச் சர்க்கரை என்று விற்பவர் அதைவிட மேல்.

குளிர்பானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 330 மில்லி கோலா டப்பாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய ஒன்பது கரண்டி. ஒன்பது கரண்டிச் சர்க்கரையைத் தட்டில் கொட்டித் தின்னச் சொன்னால் யாரும் தின்ன மாட்டார்கள். கரைத்து, குளிரவைத்து, கொஞ்சம் புளிப்பும் நுரையும் சேர்த்தால் உள்ளே போவதே தெரிவதில்லை. அதைக் குடித்ததற்காக அடுத்த வேளைச் சாப்பாட்டை யாரும் குறைப்பதும் இல்லை, ஏனென்றால் திரவமாகப் போன கலோரியை வயிறு சரியாக எண்ணுவதில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். இதயத்தைப் பற்றி 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கடுமையானது. கலோரியில் கால் பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து பெற்றவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு, பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் பெற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இவை மக்களைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வுகள்தான். இதுதான் காரணம் என்று சத்தியம் செய்யும் வகை இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும், கல்லீரலில் நடப்பதும் ரத்தப் பரிசோதனையில் தெரிவதும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

ஆய்வு என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதய நோய்க்குக் காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்ற வாதம் சூடாக நடந்த 1960-களில், அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பான சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னது. 1967-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் அது வந்தது. பழியெல்லாம் கொழுப்பின் மேல். சர்க்கரையைப் பற்றிய ஆய்வுகளில் மட்டும் துருவித் துருவிக் குறை. பணம் யார் கொடுத்தது என்று கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அப்போது அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அந்த இதழில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய கடிதங்களைத் தேடி எடுத்து 2016-இல்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். நடுவில் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள். அந்தக் காலத்தில் கொழுப்பு குறைந்தது என்று பெரிய எழுத்தில் போட்டு, போன சுவையைச் சரிக்கட்டச் சர்க்கரை சேர்த்த பண்டங்கள் எத்தனை விற்றிருக்கும்! இன்று பொறுப்பில் இருக்கும் நீங்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் ‘ஆய்வுகள் இன்னும் தெளிவாக இல்லை’ என்று உங்கள் செய்தித் தொடர்பாளர் சொல்லும்போது எங்களுக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் தரப்பில் கேட்டுக்கேட்டுப் பழகிப்போன வாசகம், ‘அளவோடு சாப்பிடுங்கள்’ என்பது. நல்ல அறிவுரை. அளவு எவ்வளவு? சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழ் இறக்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம், பன்னிரண்டு கரண்டிச் சொச்சம். 5 சதவீதம் என்றால் ஆறு கரண்டி. பிள்ளைகளுக்கு, 2 வயதிலிருந்து 18 வரை, நாளுக்கு ஆறு கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் சொன்னது. 2 வயது வரை ஒன்றுமே வேண்டாம் என்றது. பால் சாக்லேட்டில் சுமார் பாதி எடை சர்க்கரை. 50 கிராம் கட்டி ஒன்றிலேயே ஆறு கரண்டி போய்விடும். ஒரு பிள்ளைக்கு அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. ஜூஸும் பிஸ்கட்டும் இனிப்புத் தயிரும் இன்னும் வரவே இல்லை. அளவு எங்கள் பொறுப்பு என்கிறீர்கள். அளவு காட்டும் எண்ணை மட்டும் உங்கள் மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டு வயது வரை ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்குப் பிரிட்டன் தற்செயலாக ஒரு விடை தந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு அங்கே 1953 செப்டம்பர் வரை நீடித்தது. பங்கீடு நீங்கியதும் சராசரியாக ஒருவர் சாப்பிடும் சர்க்கரை நாளுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாக எகிறியது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களின் பிற்கால உடல்நிலையை ஒப்பிட்டு 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் சில ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. நினைத்துப் பாருங்கள், ஐம்பது அறுபது வயதில் வரும் நோய்க்கு நடக்கப் பழகாத வயதிலேயே அடி போடப்பட்டிருக்கிறது. குழந்தை உணவு என்று பெயர் போட்டு விற்கும் பண்டத்தில் சர்க்கரை சேர்ப்பவர்கள் உங்களில் இருந்தால், அவர்களோடு லேபிள் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. அதை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கரண்டிக் கணக்கு போடும்போது இன்னொரு தந்திரத்தையும் விட்டுவிட வேண்டும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஒரே இனிப்பைச் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், தேன், பழச்சாற்றுக் குழம்பு என்று ஆறாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் எடையில் சிறிதாகி வரிசையில் கீழே போய்விடும். முதலிடத்தில் கோதுமை மாவு கம்பீரமாக நிற்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைக் கொட்டி, ‘ஜீரோ’ என்று கொண்டாடுவதும் விடையாகாது. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இனிப்பின் அளவே கொஞ்சம் இறங்கினால் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 100 மில்லி குளிர்பானத்தில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் வரி என்று பிரிட்டன் 2016-இல் அறிவித்தது. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளியிலேயே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துக் கலவையை மாற்றிவிட்டன. அதுவரை, சுவை கெட்டுவிடும், வாடிக்கையாளர் ஏற்க மாட்டார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலியில் 2016 முதல், சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை கட்டாயம். அப்படிப்பட்ட பாக்கெட்டில் பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் போடக் கூடாது. அங்கே கடைகள் மூடிப் போகவில்லை, மக்கள் இனிப்பு தின்பதையும் விட்டுவிடவில்லை. தின்பது என்னவென்று தெரிந்து தின்கிறார்கள்.

சட்டம் வந்த பிறகு செய்வதை முன்னாலேயே செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். எச்சரிக்கைச் சின்னம்கூட நான் கேட்கவில்லை. ஓர் எண்ணும் கரண்டிப் படமும் போதும்: ‘இந்தப் பாக்கெட் முழுவதிலும் 9 தேக்கரண்டி சர்க்கரை’. பொம்மைப் படம் போட்ட பாக்கெட் என்றால் அந்த எண் பொம்மையின் முகத்தளவு பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் அதைப் பார்த்துக் கை நீட்டுவது எண்ணத் தெரியாத பிள்ளை. எண்ணிப் பார்க்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் பெரியவர்.

ஏற்கெனவே அச்சடித்த உறைகள் கிடங்கில் குவிந்திருக்கும். அவை தீரும்வரை பொறுத்துக்கொள்கிறோம். அடுத்து அச்சுக்குப் போகும் வடிவத்தில் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முதலில் எந்தப் பண்டத்தில் போடுவது என்று தயக்கமாக இருந்தால், உங்களிடம் பிள்ளைகளுக்கு அதிகம் விற்பது எதுவோ அதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்